கம்பளச் சுறாக்கள்: இனவேறுபாடு யாருடையது?

கம்பளச் சுறாக்கள் என்று வழங்கப்படுபவை சுறாக்களில் ஒரு வரிசை. உயிரியலார் அதற்கு இட்ட பெயர் ஒரெக்டோலோபிஃபார்மிஸ். ஏழு குடும்பங்களில் ஏறத்தாழ 45 இனங்கள் இதில் அடங்கும். பெரும்பாலானவை இந்தியப் பெருங்கடலிலும் மேற்குப் பசிபிக்கிலும், கரையை அடுத்த ஆழம் குறைந்த நீரில், மணலோடும் பாறையோடும் பவளத்தோடும் ஒட்டிக் கிடப்பவை. உடலெங்கும் புள்ளியும் வளையமும் பட்டையும் வலைப்பின்னலும் பரவியிருப்பது பல இனங்களில் முதலில் கண்ணில் படும். வரிசை முழுவதற்கும் பொதுவான அடையாளங்கள் வேறு. வாய் முழுவதும் கண்களுக்கு முன்னால் அமைந்திருக்கும். மூக்குத் துளையிலிருந்து வாய்வரை ஒரு பள்ளம் ஓடும். மூக்கோரம் மீசை போன்ற தசையிழை தொங்கும். முதுகில் முள்ளில்லாத இரண்டு துடுப்புகளும் அடிப்புறத்தில் ஒரு குதத் துடுப்பும் இருக்கும்.

இவ்வளவு பொதுமைக்குள்ளும் இந்த உயிர்கள் ஒன்றைவிட்டு ஒன்று வெகுதூரம் விலகி நிற்கின்றன. ஆஸ்திரேலியக் கடலின் வொபிகாங் சுறா தட்டையான உடலும் தலையோரத்தில் தொங்கும் தோல் மடல்களுமாகப் பாறையோடு பாறையாகக் கிடந்து, வாய்க்கருகே வரும் மீனைக் கவ்வும். தமிழ்நாட்டுக் கரையிலும் வலையில் விழும் மூங்கில் சுறாக்கள் மெலிந்து நீண்டவை; முட்டையிடுபவை. நியூ கினியைச் சுற்றி வாழும் நடக்கும் சுறாக்கள் பெரும்பாலும் ஒரு மீட்டரைத் தொடாதவை. நீர் வற்றிய பவளத் திட்டின்மேல் துடுப்புகளை மாற்றி மாற்றி ஊன்றி நகர்பவை. இதே வரிசையில்தான் உலகின் மிகப் பெரிய மீனான திமிங்கலச் சுறாவும் நிற்கிறது. அது கடலடியில் படுத்துக் கிடப்பதில்லை. திறந்த கடலில் மிதவை உயிர்களை வடிகட்டி உண்கிறது. 1995ஆம் ஆண்டு தைவான் கடலில் பிடிபட்ட பெண் திமிங்கலச் சுறா ஒன்றின் வயிற்றில் சுமார் 300 கருக்கள் இருந்தன. முட்டையிடுவதும் குட்டி ஈனுவதும், படுத்துக் கிடப்பதும் கடல் கடப்பதும் ஒரே வரிசைக்குள் அடங்குகின்றன.

இங்கே தத்துவத்துக்குரிய கேள்வி எழுகிறது. 45 இனங்கள் என்று சொல்லும்போது எண்ணப்படுவது எது? கடலில் ஏற்கெனவே பிரிந்து கிடக்கும் 45 பொருள்களா, மனிதர் தம் வசதிக்காக இட்டுக்கொண்ட 45 பெட்டிகளா? இரண்டு சுறாக்கள் ஒரே இனம் என்றோ வேறு இனம் என்றோ சொல்லும் வாக்கியத்தை மெய்யாக்குவதும் பொய்யாக்குவதும் எது? இக்கேள்வி உயிரியலைவிட மூத்தது. கிரேக்கத்திலும் இந்தியாவிலும் அது சுறாவைப் பற்றியதாக இல்லாமல், பசுவையும் குதிரையையும் மனிதனையும் வைத்து எழுப்பப்பட்டது. ஆனால் பசுவையும் குதிரையையும் பிரித்தறிய யாரும் திணறுவதில்லை. அதனால் அந்த எடுத்துக்காட்டுகள் கேள்வியின் கூர்மையை ஓரளவு மழுக்கிவிட்டன. கம்பளச் சுறாக்கள் அப்படி விட்டுக்கொடுப்பவை அல்ல.

உலகில் வகைகள் உண்மையாகவே உண்டு என்பது ஒரு தரப்பு. அரிஸ்டாட்டில் ஒவ்வொரு விலங்கு வகைக்கும் அதை அதுவாக ஆக்கும் ஒரு வடிவம் உண்டு என்று கருதினார். அவர் சுறாக்களைக் கூர்ந்து பார்த்தவர். வழுவழுப்பான ஒரு சுறாவகையின் குட்டி, பாலூட்டிகளைப் போலத் தாயோடு கொடியால் இணைந்து வளர்கிறது என்று எழுதினார். அதை 1842இல் உறுதிசெய்தவர் ஜெர்மானிய அறிஞர் ஜோஹன்னஸ் முல்லர். அதே முல்லர்தான் யாக்கோப் ஹென்லேயுடன் சேர்ந்து கம்பளச் சுறாப் பேரினங்கள் பலவற்றுக்குப் பெயர் வைத்தவர். இந்திய மண்ணில் நியாய வைசேடிகர் இத்தரப்பை இன்னும் அழுத்தமாகச் சொன்னார்கள். பல பசுக்களிலும் ஒன்றாய், அழியாததாய், ஒவ்வொன்றிலும் பிரிக்க முடியாதபடி உறைவது பசுத்தன்மை. அது பொதுமை அல்லது சாதி எனப்படும். பசுக்கள் செத்தாலும் பசுத்தன்மை சாவதில்லை.

பொதுமை என்று ஒன்று உலகில் இல்லை என்பது எதிர்த்தரப்பு. திபெத்திய மரபு காஞ்சிபுரத்தை ஒட்டிய பகுதியைப் பிறப்பிடமாகச் சொல்லும் பௌத்த அறிஞர் திக்நாகரும், அவர் வழிவந்த தருமகீர்த்தியும் தனித்தனிப் பொருள்களை மட்டுமே மெய் என்று ஏற்றார்கள். ‘பசு’ என்னும் சொல் எல்லாப் பசுவிலும் உள்ள ஏதோ ஒன்றைச் சுட்டவில்லை; பசு அல்லாதவற்றை விலக்குகிறது, அவ்வளவே. ஐரோப்பாவில் ஜான் லாக் 1690இல் வேறொரு வழியாக இதன் அருகே வந்து சேர்ந்தார். பொருளின் உள்ளமைப்பு நமக்குத் தெரியாது. நாம் இனம் பிரிப்பது நம் மனத்தில் திரட்டிய குணங்களின் தொகுப்பைக் கொண்டு. ஆகவே இனங்களின் எல்லைக்கோடு மனிதர் போட்டது என்றார். டார்வினும் 1859இல் இனம் என்னும் சொல்லை வசதிக்காக வழங்கும் சொல்லாகவே பார்த்தார்.

தமிழிலும் இந்த விவாதத்துக்கு இடம் உண்டு. மணிமேகலையின் சமயவாதிகள் பகுதியில் வைசேடிகரின் பொதுமை பேசப்படுகிறது. பின்னால் அதே காப்பியம் பௌத்த அளவையியலையும் விரிக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவையில் ஒரு பொருளின் இயல்பை இரண்டாகப் பிரித்தார். பிற சாதியிலிருந்தும் தன் சாதியிலுள்ள மற்றவற்றிலிருந்தும் விலகி நிற்பது தன்னியல்பு. பிற சாதியிலிருந்து விலகித் தன் சாதியோடு ஒன்றி நிற்பது பொதுவியல்பு. ஒரு சுறாவின் மேல் உள்ள புள்ளி இவ்விரண்டில் எதைச் சேர்ந்தது என்று கேட்டால், கம்பளச் சுறாக்களை ஆராய்ந்தவர்கள் 100 ஆண்டுகளுக்கும் மேலாகப் பட்ட பாடு முழுவதும் அந்தக் கேள்விக்குள் வந்துவிடும்.

அந்தப் பாட்டை மிக நன்றாகக் காட்டுவது வொபிகாங் சுறாக்களின் வரலாறு. இன்று மூன்று பேரினங்களில் 12 வொபிகாங் இனங்கள் ஏற்கப்பட்டுள்ளன. அவற்றில் ஒரெக்டோலோபஸ் ஆர்னாட்டஸ் என்பதற்கு 1883இல் குயின்ஸ்லாந்து அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டி விஸ் பெயரிட்டார். 1940இல் சிட்னியின் கில்பர்ட் விட்லி, அதைப் போலவே தோன்றிய, ஆனால் பெரிதாக வளரும் சுறாக்களை அதன் துணையினமாக வைத்து ஹேலி என்று பெயரிட்டார். பின்னால் வந்தவர்கள் அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. சிறியவை இளசுகள், பெரியவை முதிர்ந்தவை. எல்லாம் ஆர்னாட்டஸ்தான் என்று புத்தகங்களில் ஒன்றாக்கிவிட்டார்கள். நிறமும் கோலமும் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்க, அளவு மட்டும் வேறுபட்டால் யாருக்கும் முதலில் தோன்றும் விளக்கம் அதுதான்.

2006இல் சுறா ஆய்வாளர் சார்லி ஹூவனியர்ஸ் இரண்டையும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விடை வயிற்றுக்குள் இருந்தது. சிறிய வகை ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் நீளத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடுகிறது. பெரிய வகை ஏறத்தாழ 175 சென்டிமீட்டரை எட்டிய பிறகே தயாராகிறது. அதாவது ஒரு மீட்டர் நீளமுள்ள இரண்டு சுறாக்கள் ஒரே பாறையடியில் கிடந்தால், ஒன்று குட்டி போட்டுப் பழகிய முதிர்ந்த பெண்ணாகவும் மற்றது இன்னும் பருவமடையாத இளசாகவும் இருக்கக்கூடும். முதிர்ந்த ஒன்று இன்னொன்றின் இளம்பருவமாக இருக்க முடியாது. இந்த ஒரு செய்தி கிடைத்ததும் மற்றவை தொடர்ந்தன. தலையோரத் தோல் மடல்களின் எண்ணிக்கையும் முதுகெலும்புக் கணுக்களின் எண்ணிக்கையும் வேறுபட்டன. சிறியது ஓர் ஈற்றில் சராசரியாக 9 குட்டிகளும் பெரியது 21 குட்டிகளும் ஈனுவது தெரியவந்தது. 2008இல் வெளியான மரபணு ஆய்வும் இரண்டும் தனித்தனிக் கால்வழிகள் என்று உறுதிசெய்தது. ஹேலி தனி இனமாக மீண்டு வந்தது.

லாக்கின் வாதம் இங்கே சோதனைக்கு வருகிறது. இனத்தின் எல்லை மனிதர் போட்ட கோடு மட்டும்தான் என்றால், 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஆர்னாட்டஸும் ஹேலியும் ஓரினம். 2006க்குப் பிறகு ஈரினம் என்று சொல்ல வேண்டும். அப்படி யாரும் சொல்வதில்லை. முன்பு தவறாக எண்ணியிருந்தோம் என்றுதான் சொல்கிறோம். தவறு நேர இடமிருக்கிறது என்றால், நாம் எதை நோக்கித் தவறினோமோ அது நம்மைச் சாராமல் அங்கே இருந்திருக்க வேண்டும். பெயர்களை ஒன்றாக்கிய அத்தனை ஆண்டுகளிலும் சிறியது சிறியதோடும் பெரியது பெரியதோடும் கூடியே வந்திருக்கின்றன. இனம் மெய் என்னும் தரப்புக்கு இதைவிட உறுதியான சாட்சி கிடைப்பது அரிது.

இதற்கு நேர்மாறான சாட்சி வரிக்குதிரைச் சுறாவிடம் உண்டு. இச்சுறாவின் இளசு கரிய உடலில் வெள்ளைப் பட்டைகளோடு இருக்கும். வளர வளரப் பட்டைகள் உடைந்து, முதிர்ந்ததில் மஞ்சள் கலந்த உடலெங்கும் கரும்புள்ளிகளாக மாறிவிடும். இதற்கு இயற்கையியலார் ஃபார்ஸ்டர் 1781இலும் ஹெர்மன் 1783இலும் வெவ்வேறு பெயரிட்டார்கள். முன்னவரின் பெயர் நெடுங்காலம் ஒதுங்கிக் கிடந்து, 2019இல்தான் ஸ்டெகோஸ்டோமா டைக்ரினம் என்று நிலைபெற்றது. அதே ஆண்டின் ஆய்வு மணல்நிறத்தில் உள்ள இன்னொரு தோற்ற வகையையும் விவரித்தது. பட்டையும் புள்ளியும் இல்லாமல் மங்கலாக இருக்கும் அதுவும் இதே இனம்தான் என்று மரபணு காட்டியது. ஆக வொபிகாங்கில் ஒரே தோற்றத்துக்குள் ஈரினம் ஒளிந்திருந்தது. இங்கே மூன்று தோற்றங்கள் ஓரினத்துக்குள் அடங்கின. இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டால், உருவ ஒற்றுமையை இனத்தின் சாரமாக வைத்த அரிஸ்டாட்டிலின் வழியினர் தோற்கிறார்கள். குணங்களின் தொகுப்பே இனம் என்று வைத்த லாக்கும் அதே காரணத்தால் தோற்கிறார். எதிரெதிராக நிற்பதாகத் தோன்றும் இருவரும் தோற்றத்தை அளவுக்கு மீறி நம்பியதில் ஒன்றுபடுகிறார்கள்.

தோற்றத்தை விட்டுவிட்டு எதைப் பிடிப்பது? உயிரியலார் எர்ன்ஸ்ட் மாயர் 1942இல் சொன்ன விடை பல தலைமுறைகளை ஆண்டது: தமக்குள் கூடி இனம் பெருக்கி, மற்றவற்றோடு கூடாமல் பிரிந்து நிற்கும் கூட்டமே இனம். இந்த எண்ணத்துக்குப் பின்னால் நியூ கினியின் மலைக்காடு இருக்கிறது. 1928இல் இளைஞராக இருந்த மாயர் அந்தத் தீவின் மேற்கிலுள்ள ஆர்ஃபக் மலையில் பறவைகளைச் சேகரித்தார். அவர் 137 இனங்களாகப் பிரித்தறிந்த பறவைகளுக்கு அங்கு வாழும் மக்களிடம் 136 பெயர்கள் இருந்தன. தொடர்பே இல்லாத இரண்டு அறிவு மரபுகள் ஏறத்தாழ ஒரே கோட்டைப் போட்டிருந்தால், அந்தக் கோடு பறவைகளிடமே இருக்க வேண்டும் என்பது மாயர் கொண்ட முடிவு.

அந்த மலைக்குக் கீழேயுள்ள கடலில்தான் நடக்கும் சுறாக்கள் வாழ்கின்றன. பறவையில் கண் கண்டுபிடித்ததை வொபிகாங்கில் கண் தவறவிட்டது ஏன் என்று யோசிப்பது பயன்தரும். பறவை தன் துணையைக் கண்ணாலும் காதாலும் தேர்கிறது. மனிதனுக்கும் முதன்மையான புலன்கள் அவையே. ஆகவே பறவைகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட எல்லை மனிதக் கண்ணுக்கும் காதுக்கும் பிடிபடுகிறது. சுறாவின் வாழ்வில் மோப்பத்துக்கு உள்ள இடம் மிகப் பெரிது. கம்பளக் கோலமோ இரையையும் பகையையும் ஏமாற்றுவதற்கானது. மறைவதற்கென்றே அமைந்த கோலத்தில் இன அடையாளத்தைத் தேடியதுதான் இடறலுக்கு முதற்காரணம். ஆர்ஃபக் மக்களோடு மாயர் ஒத்துப்போனது எல்லைகள் உண்மை என்பதற்குச் சான்றுதான். ஆனால் எல்லா எல்லைகளும் மனிதப் புலனுக்கு எட்டும் என்பதற்குச் சான்றாகாது.

நடக்கும் சுறாக்களின் பேரினமான ஹெமிசில்லியத்தில் 2013 அளவில் ஒன்பது இனங்கள் விவரிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை ஒவ்வொன்றும் ஒரு சிறு நிலப்பரப்பைச் சுற்றிய கடலுக்குள் அடங்கியவை. ராஜா அம்பாட் தீவுகளில் ஃப்ரெய்சினெட்டி. செண்ட்ரவாசி விரிகுடாவில் காலேய். நியூ கினியின் கிழக்கு முனையிலுள்ள மில்னே விரிகுடாப் பகுதியில் மைக்கேலி. கடைசியாகச் சொன்னது 2010இல் பெயர் பெறும்வரை ஃப்ரெய்சினெட்டியாகவே எண்ணப்பட்டு வந்தது. உடலமைப்பு ஏறத்தாழ ஒன்றே. புள்ளிகளின் அளவிலும் அடுக்கிலும்தான் வேற்றுமை. இங்கே புள்ளி நம்பத்தக்க வழிகாட்டியாக இருப்பதற்கும் காரணம் உண்டு. இச்சுறாக்கள் முட்டையைப் பவளத் திட்டில் இடுகின்றன, குஞ்சும் முதிர்ந்ததும் திட்டை விட்டு அகல்வதில்லை, ஆழ்கடலைத் தாண்டுவதில்லை. இரண்டு திட்டுகளுக்கு நடுவே ஆழம் விழுந்தால் உறவு அறுகிறது. மரபணுக் கணக்குப்படி இப்பேரினம் ஏறத்தாழ 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தனியே பிரிந்தது. அதற்குள் நடந்த மிக அண்மைப் பிரிவுக்கு 20 லட்சம் ஆண்டுகள்கூட ஆகவில்லை. சுறாக்கள் டைனோசருக்கும் முந்திய கால்வழி என்பதை நினைத்தால், இவை நேற்று பிறந்த இனங்கள்.

காலேய் என்னும் பெயருக்குத் தனி வரலாறு உண்டு. 2007இல் மொனாக்கோவில் புதிய மீன்களுக்குப் பெயரிடும் உரிமை, கடற்பாதுகாப்புக்கு நிதி திரட்டுவதற்காக ஏலம் விடப்பட்டது. வென்றவரின் பெயர் அந்தச் சுறாவுக்கு வந்தது. பெயர் மனித ஏற்பாடு என்பதற்கு இதைவிட வெளிப்படையான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. வேறொருவர் கூடுதல் தொகை கேட்டிருந்தால் வேறு பெயர் வந்திருக்கும். ஆனால் அந்த விரிகுடாவுக்கும் ராஜா அம்பாட்டுக்கும் நடுவே அறுந்த உறவை எந்த ஏலமும் அறுக்கவில்லை. பெயர் முழுக்க ஏற்பாடாக இருந்தும் பெயருக்கு உரியது ஏற்பாடாக இல்லாதிருக்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதிலிருந்தே, பொதுமை வெறும் பெயரே என்னும் பெயரளவுவாதத்தின் வலுவில் பெரும்பகுதி வருகிறது.

மாயரின் வரையறைக்கு இந்தச் சுறாக்கள் கொடுக்கும் தொல்லையும் சிறிதல்ல. காலேயும் மைக்கேலியும் இயற்கையில் சந்திப்பதே இல்லை. சந்தித்தால் கூடுமா கூடாதா என்பது கடலில் விடை கிடைக்காத கேள்வி. தொட்டியில் ஒன்றாக விட்டுக் கூடினாலும், அது கடலில் பிரிந்து வாழும் உண்மையை மாற்றாது. சந்திக்கும் இனங்களிலும் எல்லை கசிவதுண்டு. கம்பளச் சுறாக்கள் அல்லாத வேறொரு குழுவில், ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் இரண்டு கருநுனிச் சுறா இனங்களின் 57 கலப்புகள் அடையாளம் காணப்பட்ட செய்தி 2012இல் வெளிவந்தது. கலப்பு நேர்ந்தும் அவ்விரண்டு இனங்களும் இரண்டாகவே நீடிக்கின்றன.

இன்னும் கூர்மையான தொல்லையைக் கொடுத்தது டவுன்ஸ்வில் நகரக் காட்சியகத்திலிருந்த ஒரு வரிக்குதிரைச் சுறா. அந்தப் பெண் சுறா முன்பு ஆணோடு கூடிக் குஞ்சுகள் பொரித்தது. பின்னர் ஆணிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து, 2016இல், அது இட்ட முட்டைகளிலிருந்து மூன்று குஞ்சுகள் வெளிவந்தன. பழைய விந்து உடலில் தங்கியிருந்ததா என்று மரபணுவைச் சோதித்தார்கள்; தாயின் மரபு மட்டுமே இருந்தது. கூடுதல் இல்லாமலே பிறந்தவை அவை. கூடி இனம்பெருக்குவதே இனத்துக்கு அடையாளம் என்றால் அந்த மூன்றும் எந்த இனம்? அவை வரிக்குதிரைச் சுறாக்கள் அல்ல என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஏன் வராது என்று கேட்டால் விடை ஒன்றுதான்: அவை அந்தத் தாயிடமிருந்து வந்தவை.

இந்த எளிய விடையில்தான் இன்றைய சிந்தனையின் மையம் இருக்கிறது. 1974இல் உயிரியலார் மைக்கேல் கிசெலினும், அவரைத் தொடர்ந்து தத்துவ அறிஞர் டேவிட் ஹல்லும், இனம் ஒரு வகையே அல்ல, ஒரு தனிப்பொருள் என்றார்கள். தங்கம் ஒரு வகை. அண்டத்தில் எங்கே, எப்போது அந்த அணுவமைப்பு தோன்றினாலும் அது தங்கம். ஹேலி அப்படிப்பட்டதல்ல. அது ஓரிடத்தில், ஒரு காலத்தில் கிளைத்தது; ஒருநாள் அழியும். வேறெங்கோ தற்செயலாக அச்சு அசலாக அதைப் போன்ற சுறா தோன்றினாலும் அது ஹேலி ஆகாது. ஒவ்வொரு சுறாவும் அந்த இனத்துக்கு எடுத்துக்காட்டு அல்ல, அதன் உறுப்பு. ஒரு குடிவழியில் பிறந்தவர் அந்தக் குடியின் உறுப்பினராக இருப்பதைப் போல. உயிரியலார் கெவின் டி கெய்ரோஸ் 2007இல் இதைச் சுருக்கமாக நிலைநிறுத்தினார்: தனித்து ஓடும் கால்வழியே இனம். தோற்றமும் கூடாமையும் மரபணுத் தொலைவும் அந்தப் பிரிவுக்குச் சான்றுகள் மட்டுமே. பிரிவு முதிர முதிர ஒவ்வொன்றாய், எந்த வரிசையிலும், அவை வந்து சேரலாம்.

உதயணர் இதைக் கேட்டிருந்தால் உடனே விளங்கிக்கொண்டிருப்பார் என்று துணிந்து சொல்லலாம். 10, 11ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்த அந்த நியாய அறிஞர், எது மெய்யான சாதி, எது நாம் ஏற்றிய அடைமொழி என்று பிரிக்க ஆறு தடைகளை வகுத்தார். அவற்றில் முதலாவது, பொருள் ஒன்றே ஒன்றாக இருந்தால் அதற்குச் சாதி இல்லை என்பது. வெளி ஒன்றே, ஆகவே வெளித்தன்மை என்று ஒரு பொதுமை கிடையாது. இனம் ஒரு தனிப்பொருள் என்று கிசெலினும் ஹல்லும் சொல்வது சரியானால், உதயணரின் கணக்கிலேயே ஹேலித்தன்மை என்றொரு பொதுமை இல்லை. ஹேலி என்னும் ஒன்று மட்டும் உண்டு. பொதுமையை மறுத்த பௌத்தரும், தனிப்பொருளின் மெய்ம்மையை விடாத நியாயத்தாரும் இந்த இடத்தில் அருகருகே வந்துவிடுகிறார்கள். ஆயினும் ஒரு வேறுபாடு எஞ்சுகிறது. பௌத்தருக்குக் கணந்தோறும் மாறும் தனிநிகழ்வே மெய். 20 லட்சம் ஆண்டு ஓடும் கால்வழியை ஒரு பொருளாக அவர்கள் ஏற்க மாட்டார்கள். ஏற்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு: அந்தக் கால்வழி காரியம் செய்கிறது. புள்ளியின் அடுக்கும் பருவமடையும் நீளமும் ஈற்றின் எண்ணிக்கையும் அதன் வழியே இறங்கி வருகின்றன. காரியம் செய்வதே மெய்க்கு அடையாளம் என்று வகுத்தவரும் தருமகீர்த்தியே.

உதயணரின் இன்னொரு தடை, ஒன்றையொன்று முழுதாக அடக்காமல் பாதி பாதியாகக் குறுக்கிடும் இரண்டு தன்மைகளும் சாதி ஆகா என்பது. கம்பளச் சுறாக்களைக் கடலடிச் சுறாக்கள் என்று சொல்லும் பழக்கத்தை இது திருத்துகிறது. மணலில் புதைந்து கிடக்கும் தேவதைச் சுறா கடலடியில் வாழ்வது, கம்பளச் சுறா அல்ல. திமிங்கலச் சுறா கம்பளச் சுறா, கடலடியில் வாழ்வதல்ல. வொபிகாங் இரண்டும் ஆகும். இரண்டு தன்மைகள் இப்படிக் குறுக்கிட்டால் ஒன்றையாவது கைவிட வேண்டும். கடலடி வாழ்க்கை கைவிடத்தக்கது: அது பல கால்வழிகள் தனித்தனியே கற்றுக்கொண்ட பிழைப்புமுறை. தட்டை உடலும் மறைக்கும் நிறமும் அந்தப் பிழைப்போடு வருபவை, உறவோடு வருபவை அல்ல.

ஓர் உடல் மட்டுமே கிடைத்து இனமாக ஏற்கப்பட்ட நிகழ்வும் இவ்வரிசையில் உண்டு. நீண்ட கழுத்துப்பட்டைச் சுறாவான பாராசில்லியம் எலோங்காட்டம், மேற்கு ஆஸ்திரேலியாவில் பிடிபட்ட வேறொரு சுறாவின் வயிற்றுக்குள் கிடந்த ஒற்றைப் பெண் உடலைக் கொண்டு 2008இல் விவரிக்கப்பட்டது. இனம் என்பது பல பொருள்களில் கண்ட ஒற்றுமை என்றால் இது இனமாகவே முடியாது. ஒப்பிட இரண்டாவது இல்லை. கால்வழி என்று கொண்டால் தடை இல்லை. ஓர் உடல் இருந்ததென்றால் அதற்குத் தாய் இருந்தது. அந்தத் தாய்க்கும் ஒரு தாய் இருந்தது.

எல்லையின் கூர்மை பற்றிய ஐயம் மட்டும் தீராமல் நிற்கிறது. கால்வழி எந்த நாளில் இரண்டாகிறது? ஆழம் விழுந்த அன்றா, கடைசிச் சுறா கடந்துபோன அன்றா, புள்ளி மாறிய அன்றா? ஒரு நாளைச் சுட்ட முடியாது. இதைக் காட்டி, எல்லை மங்கலானது, ஆகவே இனம் பொய் என்று முடிவு கட்டுவது தவறான பாய்ச்சல். இளமைக்கும் முதுமைக்கும் நடுவே கோடு கிடையாது. இளமையும் முதுமையும் பொய்யாகிவிடவில்லை. பிரிவு என்பது காலத்தில் நீளம் உள்ள நிகழ்ச்சி. அதன் நடுவில் நிற்கும் கூட்டங்களை ஓரினம் என்பதா ஈரினம் என்பதா என்று வரும்போது மனிதத் தீர்ப்புக்கு உண்மையாகவே இடம் இருக்கிறது. லாக்குக்கு உரிய பங்கு அங்கே உண்டு. ஆனால் அவர் எண்ணியதைவிட அது குறுகிய இடம்.

இந்தத் தீர்ப்பு ஏட்டோடு நிற்பதல்ல. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வொபிகாங் இறைச்சிக்காகப் பிடிக்கப்படுகிறது. 1990களின் பத்தாண்டில் பிடிபடும் அளவு பாதிக்கும் கீழே இறங்கியது. பிடிப்புக் கணக்கில் எல்லா வகையும் வொபிகாங் என்ற ஒரே பெயரில் எழுதப்பட்டு வந்தன. இவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே ஈனுபவை. ஈற்றுக்கு 9 குட்டி ஈனும் ஆர்னாட்டஸும் 21 குட்டி ஈனும் ஹேலியும் ஒரே கணக்கில் இருந்தால், எது குறைகிறது என்று சொல்ல வழியே இல்லை. ஒன்று முற்றிலும் அழிந்தாலும் மற்றதன் எண்ணிக்கை அதை மூடிவிடும். வேறுபாட்டைக் காணாதது வேறுபாட்டை இல்லாமல் ஆக்குவதில்லை. அது அழிவதைத்தான் காணாமல் செய்கிறது. ஒரு கால்வழி அறுந்தால் அதே குணங்களை வேறெங்கிருந்து திரட்டினாலும் அது திரும்பாது என்பது, இனம் தனிப்பொருள் என்ற கொள்கையிலிருந்து நேரே வரும் முடிவு.

இனம் என்னும் தகுதிக்குக் கீழேயும் இதே கணக்கு செல்லும். வரிக்குதிரைச் சுறா ஓரினமே. ஆனால் அதற்குள் இந்தியப் பெருங்கடலையும் தென்கிழக்காசியாவையும் சேர்ந்த ஒரு கிளையும், கிழக்கு இந்தோனேசியாவையும் ஓசியானியாவையும் சேர்ந்த மற்றொரு கிளையும் மரபணுவில் பிரிந்து நிற்கின்றன. ராஜா அம்பாட்டில் மீன்பிடியால் இச்சுறா ஏறத்தாழ மறைந்துபோனது. 2001 முதல் 2021 வரை 15,000 மணிநேரத்துக்கும் மேல் தேடியதில் மூன்று மட்டுமே தென்பட்டன. காட்சியகங்களில் இடப்படும் முட்டைகளைக் கொண்டு அவற்றை மீண்டும் குடியேற்றும் முயற்சி தொடங்கியபோது, எந்த முட்டை என்ற கேள்வி எழுந்தது. தோற்றத்தில் இரண்டு கிளைக்கும் வேறுபாடு இல்லை, இனப்பெயரும் ஒன்றே. ஆயினும் பெற்றோரின் மரபணுவைச் சோதித்து, கிழக்குக் கிளையைச் சேர்ந்தவற்றின் முட்டைகளே தேர்ந்தெடுக்கப்பட்டன. ஆஸ்திரேலியக் காட்சியகத்திலிருந்து 2022இல் அவை விமானத்தில் அனுப்பப்பட்டன. பொரித்து வளர்ந்த முதல் குட்டிகள் 2023 ஜனவரியில் கடலில் விடப்பட்டன.